கூரை மேலிருந்து வந்த பதில்

கிரிலிக்கு அன்று ஒரே ஒரு கவலைதான்: ஆட்கள் கழன்றுவிடக் கூடாது. சென்ற மாதம் அவள் நடத்திய பால் பண்ணைக்காரர்களின் இணையக் கூட்டத்தில் பாதிப் பேர் பத்தே நிமிடத்தில் நழுவிவிட்டார்கள். "இந்தத் தடவையும் ஓடினாங்கன்னா, உன் இடத்துக்கு வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்" என்று மேலாளர் டாரல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான்.

லேசான வேலையா இது? எதிரே முகமில்லாத கறுப்புக் கட்டங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒருவர் பால் கறப்பார், இன்னொருவர் குறட்டை விடுவார். இவள் மட்டும் நியூகாசில் நகரத்தில் தன் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு விடாமல் பல்லைக் காட்ட வேண்டும்.

வடக்கே மழையில் சாலைகள் அறுபட்டதால்தான் மண்டபத்தில் நடக்கவேண்டிய இந்த மாத மாநாடு திரைக்கு வந்திருந்தது. தீவன நிபுணர் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்க, சாட் பெட்டியில் எல்லோரும் மழைக்கதை அளந்துகொண்டிருந்தார்கள். கிரிலி பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பெட்டியை மூடினாள், எல்லோருடைய மைக்கையும் கேமராவையும் அடைத்தாள். இனி அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் தட்டலாம், அவ்வளவுதான்.

"சரி, எங்கேருந்து எங்களைப் பார்க்கிறீங்க? நல்லா சிரிக்க வைக்கிறவங்களுக்கு ஒரு பெட்டி பீர்!"

பதில்கள் பொலபொலவென்று வந்தன. 'கக்கூஸ்ல.' 'டிராக்டர்ல, பெண்டாட்டிக்குத் தெரியாம.' 'மாட்டுக்கு அடியில.' அடுத்து, மெர்வ் என்பவரிடமிருந்து: 'கூரை மேல. தண்ணி ஏறுது.'

சிரிப்பு முகங்கள் திரை நிறையப் பறந்தன. கிரிலியும் வாய்விட்டுச் சிரித்தாள். "பலே ஆளா இருக்காரே! மெர்வ், அங்கேயே இருங்க, கீழே வந்தா மாடு முட்டும்!"

அடுத்த கேள்வி: இந்த வருஷம் உங்களுக்கு என்ன வேணும், ஒரே வார்த்தையில்? மெர்வ் எழுதினார்: 'படகு.'

"அடேயப்பா, மனுஷன் விடமாட்டார் போலிருக்கே! பீர் உங்களுக்குத்தான் மெர்வ். வாங்க, மூஞ்சியைக் காட்டுங்க" என்று அவருக்கு மட்டும் மைக்கையும் கேமராவையும் திறந்துவிட்டாள்.

திரை முழுக்கச் செம்பழுப்புத் தண்ணீர். அதன் நடுவே தகரக் கூரையின் முகடு. நனைந்த பனியனோடு ஒரு கிழவர் அதில் இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் கண்ணு சிரிக்கிறே?" என்றார்.

கிரிலி முகத்திலிருந்த சிரிப்பை எடுக்கக்கூட மறந்துபோனாள்.

"செல்போன் டவர் செத்துப்போச்சு. கூரையில இருக்கிற இன்டர்நெட் டிஷ் மட்டும்தான் ஓடுது. பேத்தி இந்தக் கூட்டத்தைத் திறந்து குடுத்துட்டுப் போனா, வேற எதையும் தட்டத் தெரியாது எனக்கு. சொல்லலாம்னு பார்த்தா சாட் பெட்டிய மூடிட்டே. என் பெண்டாட்டி நோலீன் பக்கத்துலதான் இருந்தா. கன்னுக்குட்டிய அவுத்து விட்டுட்டு வரேன்னு இறங்கினா. மாடு முட்டும்னியே, அப்பதான்."

கடவுளே! கிரிலி எல்லா மைக்குகளையும் திறந்தாள். ஒரே இரைச்சல். அதற்குள் ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது: "மெர்வ், நான் டஸ்டி! மேட்டு வீட்டு டஸ்டி! படகை எடுத்துட்டேன், அசையாதேய்யா!"

கிரிலி தன் செல்போனில் மீட்புப் படையைக் கூப்பிட்டு, டஸ்டி சொன்ன வழியைச் சொன்னாள். மெர்வ் தண்ணீரைப் பார்த்து, "நோலீன்! நோலீன்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். பதிலே இல்லை. கடைசியில் டஸ்டியின் படகு கொட்டகைப் பக்கம் வளைந்தது. அங்கே வைக்கோல் கட்டுகளின் உச்சியில், கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் நோலீன். உயிர் இருந்தது. மெர்வையும் நோலீனையும் படகில் ஏற்றிய பிறகுதான் கிரிலி அழுதாள்.

முகம் கழுவி வருவதற்குள் டாரல் அழைத்துவிட்டான்.

"அசத்திட்டே கிரிலி! ஒரு மணி நேரம், ஒரு ஆள்கூட வெளியே போகலை! புதுசா வேற பதினோரு பேர் உள்ளே வந்திருக்காங்க! அடுத்த மாசமும் இந்த மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

நீயெல்லாம் மனுஷனா என்று கேட்க வாயைத் திறந்தாள். ஆனால் அவன் சொன்ன கணக்கு அவளுக்கு முன்பே தெரியும். அந்தக் கிழவர் தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோதே, அவள் கண் திரையின் மூலையில் இருந்த ஆள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வந்திருந்தது.