ஜன்னலை ஒட்டி ஒரு குளம்

அந்த வீட்டில் கீழே மூத்தவர் குடும்பம், மாடியில் இளையவர் குடும்பம். இளைய மருமகளுக்குத் தோட்டம் வடிவமைப்பதுதான் தொழில். ஊரார் வீட்டுக்கெல்லாம் பறவையையும் பட்டாம்பூச்சியையும் வரவழைத்துக் கொடுப்பவள், சொந்த வீட்டில் ஒரு செடி நட ஓரகத்தியின் வாயைப் பார்த்து நிற்க வேண்டும்.

போன வருடம் அந்த ஓரகத்தி, காரில் இலை கொட்டுகிறது என்று பின்பக்கத்து மரத்தை வெட்டிப்போட்டாள். கூட்டிலிருந்த அணில் குஞ்சுகள் விழுந்து செத்தன. இளையவளின் மகன் சோறு இறங்காமல் சுருண்டு கிடந்தான்.

"குழந்தைதானே, ரெண்டு நாள்ல மறந்துடுவான்" என்றாள் மூத்தவள், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே. இளையவள் அந்த வார்த்தையை மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் மூத்தவளே வந்து மாட்டினாள்.

"மாடர்னா ஒரு தோட்டம் போட்டுக் கொடேன். குருவி, பட்டாம்பூச்சி எல்லாம் வரணும். இப்போ எல்லாரும் அதானே வைக்கிறாங்க."

"தாராளமா வைக்கலாம்க்கா."

நேர்கோட்டில் சாம்பல் நிறக் கல், தேனீக்கு ஒரு வரிசை பூச்செடி, எல்லாம் லட்சணமாகத்தான் அமைந்தது. குளத்தை மட்டும் மூத்தவளின் படுக்கையறை ஜன்னலை ஒட்டி வைத்தாள். மீன் விடவில்லை, மீன் இருந்தால் தவளை முட்டை தங்காது. மூத்தவளின் மகள் உட்கார வாகாகக் கரையில் ஒரு கல்லும் போட்டாள். தூக்கம் கெட்டால் மூத்தவள் சும்மா இருக்க மாட்டாள் என்பது இளையவளுக்குத் தெரியாதா என்ன?

முதல் மழைக்கே தவளைகள் கச்சேரியைத் தொடங்கின. மூத்தவளுக்குக் கண் சிவந்தது. மகளோ தலைப்பிரட்டைகளுக்குச் செல்லப்பெயர் வைத்துக்கொண்டு, குளமே கதியென்று கிடந்தாள். மாடியிலிருந்து இளையவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் மனசு குளத்தோடு நன்றாக ஒட்டட்டும் என்று காத்திருந்தாள்.

ஒருநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும், மூத்தவள் ஆள் வைத்து மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடினாள். அதோடு மகள் அம்மாவிடம் பேச்சை நிறுத்தினாள். மூத்தவள் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், கடைசியில் மாடியேறி வந்தாள்.

"என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறா. நீ சொன்னா கேட்பா. சித்தின்னா அவளுக்கு உயிர்."

"குழந்தைதானேக்கா. ரெண்டு நாள்ல மறந்துடுவா."

மூத்தவளின் முகம் சுண்டிப்போனது. எதற்கு என்ன பதில் என்று புரிந்துவிட்டது. படியிறங்கிப் போனாள்.

இளையவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஒரு வருடத்துக் கறுவல் தீர்ந்த குஷியில் மகனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"பெரியம்மா குளத்தை மூடிடுவாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"சாப்பிடு."

"தெரியுமா?"

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே நின்றாள். அவன் எழுந்து கீழே போய், மண் மூடிய இடத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா மகளின் பக்கத்தில் உட்கார்ந்தான். இளையவள் மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். அவன் நிமிரவில்லை.