சத்தம் போடாத பாட்டில்

ரப்பர் பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. அக்கா சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

தம்பி காய்ச்சலில் விழுந்த அன்று கழற்றிப் போட்டவை அவை. அதன் பிறகு ஆஸ்பத்திரி. இப்போது கூடத்தில் கண்ணாடி மூடிய குளிர்ப்பெட்டி. பின்வாசலில் பகல் முழுக்க வெயில் விழும். இத்தனை நாளில் காய்ந்து மொறமொறத்திருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். ஈரம். சற்று முன்புதான் யாரோ காலை உருவிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

யோசிக்க நேரமில்லை. உறவினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கை கழுவ யாரும் பின்பக்கம் வரலாம். பூட்ஸைச் சாக்கில் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் செருகினாள். மேலே ஓர் உடைந்த வாளியைக் கவிழ்த்தாள். முந்தானையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆபீஸ்ல அவன் கைபடாம ஒரு ஃபைல் நகராது" என்று சொல்லிக்கொண்டிருந்தான் ரேடியோ. பெரியப்பாவின் மகன். அவன் காதில் விழுந்த எதுவும் மறுநாளுக்குள் ஊரெல்லாம் கேட்டுவிடும் என்பதால் சின்ன வயதிலேயே வந்த பெயர். "கசங்கின சட்டையோட அவனை யாராவது பார்த்திருக்கீங்களா? சொல்லுங்க பார்ப்போம்."

"என்ன வியாதியாம்?" என்றார் பக்கத்துவீட்டுக்காரர்.

"ஏதோ வைரஸாம். டாக்டருங்களுக்குப் பேர் தெரியாததெல்லாம் வைரஸ்தானே."

பக்கத்துவீட்டுக்காரர் தன் நாற்காலியைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்க்கும்படி பார்த்தாள்.

தம்பியின் முகம் மஞ்சளாகியிருந்தது. பழுத்த மஞ்சள். விளக்கை அணைத்தாலும் அது மட்டும் தனியாகத் தெரியும் போலிருந்தது. இமைகள் முழுதாக மூடவில்லை. இடையில் ஒரு மெல்லிய கீற்று அவள் நின்ற பக்கமே திரும்பியிருந்தது. அவள் மறுபக்கம் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கசங்காத சட்டை அக்காவின் ஏற்பாடு. வேலை பார்த்த கம்பெனியை மூடியபின் தம்பிக்கு வேறு ஆபீஸ் கிடைக்கவில்லை. கிடைத்தது, கட்டடங்களின் அடித்தளத்தில் தேங்கும் நீரை மோட்டார் வைத்து இறைத்து, அடைத்த சாக்கடையில் இறங்கி அடைப்பெடுக்கும் வேலை. அவன் வந்து சொன்ன அன்று அக்கா கத்தவில்லை. "செய். ஆனா முன்வாசல் வழியா இஸ்திரி போட்ட சட்டையிலதான் போகணும். வரும்போது பின்வாசல்" என்றாள். அவன் ஒருநாளும் மாற்றி நடக்கவில்லை. அப்பா இறந்தபின் அந்தக் குடும்பத்தை நிமிர்த்தி வைத்தவள் அவள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வார்டு டாக்டர் கேட்டபோதும் அவள்தான் பதில் சொன்னாள். "என்ன வேலை பார்க்கறார்?" "ஆபீஸ் வேலை." "அழுக்குத் தண்ணியில நடந்தாரா?" "எங்க வீட்டு ஆளுங்க சாக்கடையில கால் வைக்கறவங்க இல்ல டாக்டர்." அந்த நேரம் தம்பி, சிவந்த கண்களைத் திறந்து அவளைப் பார்த்தான். ஏதோ கேட்பதுபோல் இருந்தது. பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தான். ஆமாம், ஆபீஸ்தான்.

போன் அடித்தது.

அடித்தது தம்பியின் போன். யாரோ அதைக் குளிர்ப்பெட்டியின் மேல், அவன் தலைமாட்டுக்கு நேராக வைத்திருந்தார்கள். அதிர்வில் அது கண்ணாடியின் மேல் மெதுவாக நகர்ந்து அவன் காதுப் பக்கமாகப் போனது.

"எடுங்கப்பா யாராவது" என்றான் ரேடியோ. அவனும் எடுக்கவில்லை.

அக்கா எடுத்தாள். ஒரு பெண்குரல் தம்பியின் பெயரைச் சொல்லி, "அவர் வீடுதானே?" என்றது.

"ஆமா. வீட்டுலதான் இருக்கான்" என்றாள் அக்கா. சொன்னபின்தான் அது உறைத்தது. நடைவழிக்கு வந்தாள்.

"நான் ஆஸ்பத்திரி லேப்ல டாக்டர்மா. இறந்துட்டார்னு வார்டுல சொன்னாங்க. இந்த நம்பர்தான் எங்ககிட்ட இருந்தது. மன்னிக்கணும். அவரோட ரத்தம் இன்னும் எங்ககிட்ட இருக்கு."

"அதான் அவனே போயிட்டானேம்மா."

"கல்ச்சருக்கு எடுத்தது. ஒரு பாட்டில்ல விட்டு, உடம்புச் சூட்டுலயே மெஷின்ல வச்சிருப்போம். கிருமி வளர்ந்தா மெஷின் சத்தம் போடும். இவரோடது இதுவரைக்கும் சத்தமே போடலை."

அக்கா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. உடம்பு இங்கே குளிரில். ரத்தம் எங்கோ ஓர் அறையில், வெதுவெதுப்பாக.

"சத்தம் போடலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே?"

"அப்படி இல்லம்மா. டெங்கு, டைபாய்டு, காமாலை வைரஸ் எல்லாம் பார்த்தாச்சு, இல்லை. நாங்க தேடினது இல்லைன்னுதான் இதுக்கு அர்த்தம். சில கிருமி பாட்டிலுக்குள்ள உயிரோடவே இருக்கும், மெஷினுக்குத் தெரியாது. அதை வேற மாதிரி தேடணும். எதைத் தேடறதுன்னு வீட்டுக்காரங்கதான் சொல்லணும். அவர் தேங்கின தண்ணியில இறங்கினாரா? எலி நடமாடற இடத்துல வேலை செஞ்சாரா?"

"எங்க வீட்டுல எலியா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. அவரை இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. வீட்டுல வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கா? கெண்டைக்கால் வலி? கண்ணு சிவப்பு?"

"எழவு வீட்டுல கண்ணு சிவக்காம இருக்குமா?"

"ஏதாவது ஞாபகம் வந்தா இதே நம்பருக்குக் கூப்பிடுங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா திரும்பினாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

பின்வாசலிலிருந்து ஈரத் தடங்கள். வெறுங்கால் தடமல்ல. பட்டை பட்டையாகக் கோடு விழுந்த, அகலமான பூட்ஸ் தடம். ஒன்றன்பின் ஒன்றாக நடைவழியைக் கடந்து கூடத்துக்குள் போயிருந்தன. திரும்பிய தடம் இல்லை.

பின்வாசலை எட்டிப் பார்த்தாள். வாளி உருண்டு கிடந்தது. சாக்கு விரிந்து கிடந்தது.

தடத்தை மிதிக்காமல், சுவரோரமாகவே நடந்து கூடத்துக்கு வந்தாள். அது பெட்டியின் மறுபக்கம், தம்பியின் கால்மாட்டில் முடிந்தது. அங்கே தம்பி மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை விளிம்புக்குக் கீழே கறுப்பு பூட்ஸின் முனை தெரிந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்ததில் வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அக்கா அவள் பக்கத்தில் குனிந்தாள். "என்னடி இது? கழட்டு. எல்லாரும் பார்க்கறாங்க."

"கால் குளுருது அண்ணி."

"இந்த வெயில்லயா?"

"தினமும் கழுவித்தான் வச்சேன். அவர் ஆஸ்பத்திரியில இருக்கும்போதும். வந்ததும் பையில போட்டு எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்புவாரே. நாறுதுன்னு நீங்க சொல்வீங்கல்ல, அதான் உள்ள கையை விட்டு நல்லா தேய்ச்சுக் கழுவுவேன். எப்பவுமே நான்தான் கழுவுவேன்." அவள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

அக்கா அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை விழியெல்லாம் செக்கச்செவேலென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம், பாவம், அழுது அழுது இப்படி ஆகிவிட்டாள் என்றார்கள். அக்காவுக்குத் தெரியும். காலையிலிருந்து அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

பூட்ஸைக் கழற்ற, கெண்டைக்காலில் கையை வைத்தாள். லேசாகத்தான் அழுத்தினாள்.

"அம்மா!"

கூடம் திரும்பியது. அக்காவுக்கு அந்தக் குரல் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், காலைப் பிடித்துவிடச் சொல்லிவிட்டு, பிடித்ததும் தம்பி இப்படித்தான் கத்தினான். அதே இடம். அதே குரல்கூட.

அவள் பெட்டியைப் பார்த்தாள். இமைகளுக்கு இடையிலிருந்த கீற்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதும் ஏதோ கேட்பதுபோல்தான் இருந்தது.

தம்பி மனைவி அவள் தோளில் முழுப் பாரமாகச் சாய்ந்துவிட்டாள். உடம்பு கொதித்தது. எழுந்து நடைவழிக்குப் போக முடியாது. அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். பெட்டியின் மோட்டார் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"லேப் டாக்டரா? நான்தான். அக்கா. எழுதிக்குங்க. என் தம்பி சாக்கடை அடைப்பு எடுக்கற வேலை பார்த்தான். இடுப்பளவு தண்ணியில இறங்குவான். ஆபீஸ்னு சொன்னது நான். அவன் இல்ல." கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள். "அவன் பொண்டாட்டிக்கும் இப்ப காய்ச்சல். அவன் பூட்ஸைக் கழுவினவ. கால் வலி இருக்கு. கண்ணு சிவப்பு இருக்கு."

"உடனே கூட்டிட்டு வாங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம்மா. ஆரம்பத்துலயே மருந்து போட்டா காப்பாத்திடலாம். அவர்கூட இறங்கினவங்க யார் யாருன்னும் தெரியணும்."

அக்கா போனை வைத்தாள். பக்கத்துவீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ரேடியோ எழுந்தான். பிறகு சட்டைப்பையில் சாவியைத் துழாவினான்.

"காரை வாசலுக்குக் கொண்டு வரேன்க்கா" என்றான். "இங்க நான் பார்த்துக்கறேன். டிரைவரை அனுப்பறேன், நீங்க போங்க."

"நான் இல்லாம எடுத்துடுவீங்களே."

"வேற வழி இல்லியேக்கா."

அக்கா தம்பியின் பக்கம் ஒருமுறை திரும்பினாள். பிறகு தம்பி மனைவியை, கால்களில் பூட்ஸோடேயே, எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாக நடத்திக்கொண்டு போனாள்.

வார்டில் ரத்தம் எடுத்து, கையோடு ஊசியும் போட்டார்கள். லேப் டாக்டர் அக்காவைத் தன் அறை வாசலுக்கு அழைத்து, கூட இறங்கியவர்களின் பெயர்களைக் கேட்டாள். அக்காவுக்கு ஒருவர் பெயரும் தெரியவில்லை. பின்வாசலுக்கு வந்து தம்பியைக் கூப்பிடுகிறவர்களை அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அறைக்குள் மைக்ராஸ்கோப்போடு சேர்த்து ஒரு திரை. திரை முழுக்கக் கறுப்பு.

"என்னது அது?"

லேப் டாக்டர் தயங்கினாள். "உங்க தம்பியோட பாட்டில்ல இருந்து எடுத்ததும்மா. இதை மட்டும் வச்சு முடிவு சொல்ல மாட்டோம். வேற டெஸ்டும் போட்டிருக்கேன். ஆனா..."

கறுப்புக்குள் ஏதோ மின்னியது. வெள்ளி நூலைவிட மெல்லிசாக, நுனி கொக்கிபோல் வளைந்து, ஓரிடத்தில் நின்றபடியே சுழன்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழக ஓரத்தில் மேலும் ஒன்று. துடித்து, முறுக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல்.

"உயிரோடவா?"

"உயிரோடதான்."

அப்போது அவள் கையிலிருந்த தம்பியின் போன் அதிர்ந்தது. ரேடியோ. "முடிஞ்சிடுச்சுக்கா" என்றான். தொண்டையைச் செருமினான். "அந்த வேலை விஷயம்... நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. சத்தியமா."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா சொன்னாள்: "சொல்லு."

"என்னக்கா?"

"எல்லார்கிட்டயும் சொல்லு. அவன்கூட இறங்கினவங்க காதுல விழற வரைக்கும் சொல்லு. உன்னாலதான் முடியும்."

வார்டுக்குத் திரும்பியபோது தம்பி மனைவி கண்ணை மூடியிருந்தாள். பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்கள். உள்ளே நீர் ஊறிப் பாதங்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. அக்கா கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஒரு பாதத்தை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அவரை எடுத்துட்டாங்களா?"

அக்காவின் கை நின்றது. நடைவழியின் கோடியில் லேப் கதவு திறந்திருந்தது. அதற்குள், தம்பியின் ரத்தம் இருந்த அந்தத் திரையின் சதுரக் கறுப்பு தெரிந்தது.

"இன்னும் இல்ல" என்றாள் அக்கா. விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக, ஈரம் போகத் துடைத்தாள்.