இரண்டாம் பிடி

ஆறுச்சாமியின் வாயில் பால் விட்டபோது அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: பால் சங்கைப் பிடித்திருந்த மனைவி ராசம்மாள், தலையை நிமிர்த்திப் பிடித்திருந்த அண்ணன் செங்கோட்டையக் கவுண்டர், கால்மாட்டில் அண்ணி பாப்பாயி, நிலைப்படியில் சாய்ந்து நின்ற பங்காளி பாலுசாமி, மில்லில் ஆறுச்சாமியோடு கணக்கெழுதிய கோவிந்தராஜுலு. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு பலர் சொல்லிக்கொண்டதால் பேர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் சங்குப் பால் இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்தது. பாப்பாயி முந்தானையால் துடைத்தாள். ஆறுச்சாமி கண்ணைத் திறந்து, எதிர்ச் சுவரில் இருந்த மாடத்தைப் பார்த்தான். மாடத்தில் ஒன்றும் இல்லை.

“அண்ணா, அது எங்கீங்கண்ணா?”

“எது?”

“மாடத்துல இருந்தது.”

“பேசாதே கண்ணு. பாலைக் குடி.”

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. அண்ணன் ஒன்றைச் சொல்லிவிட்டால் திரும்பக் கேட்கிற வழக்கம் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது. மாடத்தைப் பார்த்தபடியே மூச்சு நின்றது. செங்கோட்டையக் கவுண்டர் கட்டைவிரலால் அவன் கண்களை மூடினார். அவன் தேடிய பொருள் அப்போது அவருடைய வேட்டி மடியில்தான் இருந்தது.

அது ஒரு போட்டோ. வெள்ளைக் கவுன் போட்ட சிறுமி ஒருத்தி, எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பினாங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அநாதை விடுதியிலிருந்து வருசத்துக்கு ஒன்று அப்படி வரும். அந்தச் சிறுமியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் படிப்புக்கும் ஆறுச்சாமி மலாயாவை விட்டு வந்த நாளிலிருந்து பணம் அனுப்பிவந்தான். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய படத்தை மாடத்தில் வைப்பான். காசம் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகு அதைப் பார்க்கும்படியாகக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னான்.

அன்று காலை பங்காளிகள் பார்க்க வருவதாக ஆள் வந்து சொன்னதும், செங்கோட்டையக் கவுண்டர் முதலில் படத்தை எடுத்து மடியில் செருகினார். தம்பிக்குத் தலையணையைச் சரிசெய்தது அதற்குப் பிறகு. அந்த வரிசை இப்போது அவருக்கு நினைவு வந்தது. வெளியே போய்த் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். பால் ஒன்றும் அவர் கையில் படவில்லை.

சொந்த பந்தங்களுக்கு ஆள் போயிற்று. சிங்காநல்லூரிலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் வண்டிகள் வரத் தொடங்கின. கவுண்டர் வாசலில் நின்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவர் கையையும் தொட்டு வாங்கினார். முதுகு வளையவில்லை. வருகிறவர்கள் எதைப் பேசாமல் பேசிக்கொண்டு வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

“மலாயாவுக்குத் தந்தி அடிச்சாச்சுங்களா?” என்று பாலுசாமி கேட்டான்.

“அங்க நமக்கு யாரிருக்காங்க?”

“இல்லீங்க, கோயில்காரங்களுக்குத்தான். கட்டளை செஞ்ச மனுசன் போயிட்டாரில்லீங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கவுண்டர் அடுத்து வந்த வண்டியின் பக்கம் திரும்பினார். அந்தக் கோயில் அவருடைய கைவேலை.

ஆறுச்சாமி ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகப் போனவன். போகும்போது, மழை பொய்த்து வேலையில்லாமல் இருந்த பண்ணையாள் சின்னானையும் அவன் பெண்டாட்டியையும் நம்பிக்கையான ஆட்கள் என்று கூட்டிப்போனான். அங்கே அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்ததாகத் தகவல் வந்தது. பிறகு ஒரு நாள், விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் சின்னான் வந்து நிற்கவில்லை. ஆறுச்சாமி கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்கே போனான். சின்னான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். ஆள் குறைந்தால் துரையிடம் பேச்சு வாங்க வேண்டும். நம்ம ஊர்க்காரன் நீயே இப்படிப் படுத்துக்கொண்டால் மற்றவனை நான் எப்படி எழுப்புவேன் என்று சொல்லி அவனை எழுப்பிக் காட்டுக்கு அனுப்பினான். சாயங்காலம் சின்னானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் பெண்டாட்டி அந்த மாதமே அதே காய்ச்சலில் போனாள். குழந்தையைக் கன்னியாஸ்திரிகள் எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஆறுச்சாமி அண்ணனுக்கு ஒளிக்காமல் தெரிவித்தான். சின்னானின் தங்கை செல்லாத்தாளிடம் சொல்லிவிடும்படியும் கேட்டிருந்தான். குழந்தை இருக்கிறது என்று சொன்னால் அப்பன் எப்படிச் செத்தான் என்ற கேள்வி வரும். கவுண்டர் பண்ணையாட்கள் குடியிருக்கும் தெற்கு வளவுக்கு ஆளனுப்பி, சின்னான் குடும்பத்தோடு காய்ச்சலில் போய்விட்டான் என்று சொல்லச் சொன்னார். செல்லாத்தாள் அழுது தலை முழுகினாள். ரப்பர் விலை விழுந்து ஆறுச்சாமி ஊர் திரும்பியபோது, சொன்னது சொன்னபடியே இருக்கட்டும் என்று அண்ணன் உத்தரவு போட்டார். அண்ணன் பொய் சொன்னார் என்று தம்பி போய்ச் சொல்ல முடியாது. அவன் சொல்லவில்லை.

கடல் தாண்டிப் பணம் போவதை ஊர் கேட்டது. பினாங்கு முருகன் கோயிலுக்குக் கட்டளை என்றார் கவுண்டர். அப்படியானால் பிரசாதம் எங்கே என்று கேட்டார்கள். பழனிக்குப் போய்வந்த சமயம் இரண்டு பொட்டலம் விபூதி அதிகமாக வாங்கிவந்து, பினாங்கு விபூதி என்று வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினார். பலர் பூசிக்கொண்டார்கள். ஒருத்திக்குத் தலைவலி கூட நின்றது. பிறகு மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவன், கோயிலும் இல்லை கட்டளையும் இல்லை, அது ஒரு பெண்குழந்தை என்று சந்தையில் சொன்னான். விபூதி வரைக்கும் போய் மறைத்திருக்கிறார்கள் என்றால் அந்தக் குழந்தை யாருடையதாக இருக்கும் என்று ஊர் யோசித்தது. ஆறுச்சாமிக்கும் ராசம்மாளுக்கும் பிள்ளை இல்லை. யோசனை சீக்கிரம் முடிந்துவிட்டது.

கவுண்டர் அதை மறுக்கவில்லை. மறுத்தால் முழுதும் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை தூரதேசத்தில் தவறிவிட்டான் என்ற பேச்சை ஒரு குடும்பம் தாங்கும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் ராசம்மாள் தண்ணீர்க் கிணற்றடியில் தினமும் என்ன பேச்சு வாங்குவாள் என்பது சேரவில்லை.

வாசலில் ஒப்பாரி ஏறியது. “கடலுக்கு அக்கரையில கண்ணை வெச்சுப் போனீங்களே” என்று ஒரு கிழவி இழுத்தாள். மற்றவர்கள் அந்த அடியை மட்டும் இன்னொரு தடவை சேர்ந்து பாடினார்கள். பாப்பாயி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கவுண்டர் புறக்கடைக்கு வந்தார். மடியில் இருந்த அட்டையின் முனை இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. ராசம்மாள் அங்கே தனியாக அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் படத்தை எடுத்து நீட்டினார். அவள் பார்த்தாள். வாங்கவில்லை.

“இனி யாரு பாக்கறதுக்குங்க மாமா?”

அவர் அதை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார். கழுத்துத் தாலிக்கொடியைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்தப் புள்ள பேருக்கு ரெண்டாம் பிடி போடோணுமுங்க.”

அக்கரையில் இருக்கும் மகனோ மகளோ இழவுக்கு வந்து சேர முடியாதபோது, அவர்கள் பேரைச் சொல்லி வீட்டில் ஒருவர் இரண்டாவது பிடி வாய்க்கரிசி போடுவது அந்த ஊர் வழக்கம். பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் போடுவார்கள்.

“அது எதுக்குப் போடறதுன்னு உனக்குத் தெரியாதா அம்மணி?”

“தெரியுமுங்க.”

“நாமளே ஊருக்குப் பத்திரம் எழுதிக் குடுத்தாப்பல ஆயிரும். அதெல்லாம் வேண்டாம்.”

“அவரு கேட்டது இது ஒண்ணுதானுங்க. சின்னானுக்கு அங்க வாய்க்கரிசி போட ஒரு ஆளு இல்லையாம். அதையே சொல்லிட்டிருந்தாருங்க. ஊரு பேசறதுக்கு இனி என்னங்க பாக்கி? எல்லாம் எங்கிட்டப் பேசியாச்சு.”

இத்தனை வருசத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார்.

வரும் வழியில் கோவிந்தராஜுலு நிறுத்தினான். ஆறுச்சாமி படுத்த பிறகு பினாங்குக்குப் பணத்தைக் கட்டி அனுப்பிவந்தவன் அவன்தான். அடுத்த பணம் அனுப்பும் நாள் கிட்டத்தில் வருகிறது, யார் பேரில் அனுப்புவது, இல்லை நிறுத்திவிடுவதா என்று தணிந்த குரலில் கேட்டான். பாரம் தன்மேல் இருந்ததுபோலக் கேட்டான். அப்புறம் பேசலாம் என்றார் கவுண்டர்.

உடலைக் குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். வீதி முனையில் வேப்ப மரத்தடியில் தெற்கு வளவு ஆட்கள் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவே எப்போதும் விடுகிற இடம் விட்டிருந்தது. செல்லாத்தாள் பெண்களோடு நின்றிருந்தாள். பருத்திக்காட்டிலிருந்து நேராக வந்தவள். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆறுச்சாமியின் காட்டில்தான் அவளுக்கு வேலை.

நாவிதர் மாசாணம் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, பறையை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து போட்டுச் சுற்றிப்போனார்கள். கடைசியில் ராசம்மாள் வந்தாள். ஒரு பிடி போட்டாள். நகரவில்லை. முறத்தில் மறுபடியும் கையை வைத்தாள்.

மாசாணம் தயங்கினார். “யாரு பேருக்குங்க அம்மணி?”

அவள் கவுண்டரைப் பார்த்தாள்.

“இதென்ன கேள்வி மாசாணம்,” என்றான் பாலுசாமி. “பெத்தவனுக்குப் புள்ள போடறது. கோயில் கட்டளைக்குப் பொறந்த புள்ள.”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிலர் சிரித்தார்கள். இழவு வீட்டில் அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. செங்கோட்டையக் கவுண்டர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் அவர் மூடிய கண்களில் ஒன்று லேசாகத் திறந்துகொண்டிருந்தது. அது எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

“அது என்ற தம்பி பெத்த புள்ள இல்லீங்க,” என்றார். குரலை உயர்த்தவில்லை. பறை நின்றிருந்ததால் வீதி முனை வரைக்கும் கேட்டது. “நம்ம பண்ணையத்துல இருந்த சின்னான் மவ. காச்சல்ல படுத்திருந்தவனை எழுப்பி வேலைக்கு அனுப்புனது என்ற தம்பி. அன்னைக்கே அவன் செத்துப்போனான். அதுக்குத்தான் இவன் பணம் அனுப்பிச்சான். புள்ளையும் செத்துப்போச்சுன்னு வளவுல சொல்லச் சொன்னது நான். கோயில்னு சொன்னதும் நான். விபூதி பழனியில வாங்குனது.”

பாலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வேப்ப மரத்தடியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“புள்ள உசுரோட இருக்குதுங்களா சாமி?”

“இருக்குது.”

ராசம்மாள் கையிலிருந்த அரிசியைத் திரும்ப முறத்தில் விட்டாள். “நாம் போடப்படாதுங்க மாமா,” என்றாள். “அது அவிய புள்ள. அவியளைக் கேக்கோணுமுங்க.”

மாசாணம் முறத்தோடு நின்றார். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று யாரோ முனகினார். கவுண்டர் முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு வாசலை விட்டு இறங்கினார். தோளில் இருந்த துண்டு நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. விட்டிருந்த இடத்தைத் தாண்டி வேப்ப மரத்தடிக்குப் போனார். வளவு ஆட்கள் பின்னால் நகர்ந்தார்கள். செல்லாத்தாள் நகரவில்லை.

அவர் உள்ளங்கையை விரித்தார். எதற்கென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“புள்ளைக்குப் பேரென்னங்க சாமி?”

“பொன்னாத்தா.”

“எங்க ஆத்தா பேருங்க,” என்றாள் செல்லாத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் அந்த அரிசியை முந்தானையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீங்களே போட்டுருங்க சாமி என்று திருப்பிக் கொடுத்தாள் என்றும், கவுண்டர் வந்து இரண்டாம் பிடியைப் போட்ட பிறகுதான் பாடையைத் தூக்கினார்கள் என்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருப்பதால் எங்கள் உறவிலேயே சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அப்படி நடக்கவில்லை. இரண்டாம் பிடி போடாமல்தான் எடுத்தார்கள். செல்லாத்தாள் கையை நீட்டவில்லை.