திருப்பிக் கொடுத்த லைசென்ஸ்

காலைக் காப்பி முடிந்ததும் யூட்டன் பினக் காரைத் துடைக்கப் போய்விடுவார். ஜூபிலி ஹில் மலைக்கிராமத்தின் செம்மண் புழுதி ஒரே ராத்திரியில் கண்ணாடி முழுக்கப் படிந்திருக்கும். துடைத்து முடித்து, உள்ளே உட்கார்ந்து, என்ஜினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிடுவார். வண்டி மட்டும் வாசலைத் தாண்டாது.

"குதிரைக்குத் தீனி போட்டாச்சா?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி வெர்னா குரல் கொடுப்பார். அடுப்பில் சீமைப்பலா வெந்துகொண்டிருக்கும்.

"போட்டாச்சு. சவாரிதான் இல்ல."

யூட்டன் பர்மிங்ஹாமில் முப்பது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவர். பனியில், மழையில், குடிகாரர்கள் கத்தும் சனிக்கிழமைகளில் ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஜமைக்காவுக்கே திரும்பிவிட வேண்டும் என்பது கல்யாணத்தன்றே கணவனும் மனைவியும் பேசி வைத்தது. பேசியபடியே வீட்டை விற்று, சாமான்களைக் கப்பலில் ஏற்றி, வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த அலைச்சலில் இங்கிலாந்து லைசென்ஸ் காலாவதி ஆனதை யூட்டன் கவனிக்கவில்லை. அதனால் எழுபது வயதுக்கு மேல், சொந்த நாட்டில், நேற்று ஸ்டியரிங் பிடித்தவர் மாதிரி ஓட்டிக் காட்ட வேண்டிய நிலை வந்தது.

முதல் டெஸ்ட்டில் பரிசோதகர் பிரிசெட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "கண்ணாடியப் பாக்கவே இல்ல. ஃபெயில்" என்றார். இரண்டாவது முறை, "கண்ணாடியவே பாத்துட்டு வர்றீங்க. ஃபெயில்" என்றார்.

அலுவலகத்துக்கு வெளியே வாதாமரத்தின் அடியில் முறைக்குக் காத்திருந்தவர்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான்.

"இங்கிலீஷ்கார ஐயா, கைய நீட்டி சிக்னல் காட்டினா மட்டும் போதாது. அந்தக் கைல ஏதாச்சும் இருக்கணும்."

மரத்தடி முழுக்கச் சிரித்தது. யூட்டனுக்குக் காது சிவந்துபோயிற்று.

வீட்டில் வேறு கஷ்டம். வெர்னாவுக்கு முழங்கால் வலி. டவுன் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டும். ஷேர் டாக்ஸியில் ஏறினால் பின்சீட்டில் ஐந்தாவது ஆளாக, பாதி உடம்பு யாரோ ஒருவரின் மடியிலும் மீதி கதவிலுமாக நசுங்கித்தான் போய் வர வேண்டும். வீட்டு வாசலில் கார் நிற்கும்போதே இந்தப் பாடு.

யூட்டனின் சித்தப்பா மகன் ஹோப்டன் டவுனில் டாக்ஸி ஓட்டுகிறவன். எந்த அலுவலகத்தில் எந்தக் கதவைத் தட்டினால் எது கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. ஒரு மத்தியானம் வந்து கஞ்சி ஆறுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அண்ணே, பிரிசெட்டுக்கு வயித்துல பசி. அவர்கிட்டப் போயி நீ சட்டம் பேசினா எப்படி? ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் குடுத்தேன்னு நெனச்சுக்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"எனக்கு ஓட்டத் தெரியும்டா. முப்பது வருஷம்..."

"அந்த முப்பது வருஷத்தையும் இங்கிலாந்துலயே செலவு பண்ணிட்டு வந்துட்ட. இங்க அது செல்லாது."

யூட்டன் மனைவியைப் பார்த்தார். வெர்னா முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துத் தொலை, யூட்டன். உன் கொள்கைய என் முட்டி எத்தன நாளைக்குத் தாங்கும்?"

கொடுத்துத் தொலைத்தார். அடுத்த வாரமே ஹோப்டன் லைசென்ஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் போட்டான். இந்த முறை ஓட்டிக்கூடக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தன் சொந்தச் சட்டையைத் திருட்டுச் சந்தையில் விலை கொடுத்து வாங்கியவர் மாதிரி யூட்டன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முதலில் கொஞ்ச நாள் உறுத்தியது. பிறகு வெர்னாவை ஆஸ்பத்திரிக்கும் சர்ச்சுக்கும் நிம்மதியாகக் கூட்டிப்போக முடிந்தபோது உறுத்தல் மரத்துப்போயிற்று. நமக்கு ஓட்டத் தெரியும், யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. ஊரில் ஒரு சாவு. குழி வெட்டுவது ஊர் ஆண்களின் வேலை. அன்று யூட்டனும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடப்பாரை பிடித்தார். "இங்கிலீஷ், மெதுவா. குழி ஒருத்தருக்குத்தான்" என்று கேலி செய்தார்கள். அவர்கள் நீட்டிய ரம் பாட்டிலில் அவரும் ஒரு வாய் குடித்தார். வந்ததிலிருந்து அன்றுதான் ஊர் தன்னைச் சேர்த்துக்கொண்டதாக அவருக்குத் தோன்றியது.

யூட்டன் குழி வெட்டப் போய்விட்டதால், வெர்னா சந்தைக்கு சிஸ்லினின் காரில் போயிருந்தார். சிஸ்லின் அடுத்த வளைவில் குடியிருப்பவள். சந்தையில் கிழங்கு விற்றுச் சேர்த்த காசில் ஒரு பழைய கார் வாங்கி, ஆறு மாதமாக டாக்ஸி ஓட்டுகிறாள். இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கார்தான் காப்பாற்றுகிறது.

குழி இடுப்பளவு இறங்கியிருந்தபோது மேட்டிலிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "பினக் ஐயா! சிஸ்லின் கார் இறக்கத்துல போயி மோதிடுச்சு! உங்க வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்க!"

யூட்டன் மண்ணோடும் வேர்வையோடும் ஓடினார். ரோட்டோரப் பள்ளத்தாக்குப் பக்கம் கார் விழவில்லை. எதிர்ப்பக்க மண்மேட்டில் முகம் புதைந்து நின்றது. வெர்னாவை வெளியே எடுத்துப் புல்லில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"உயிர் இருக்கு, பயப்படாத. தோள்தான் சொல்பேச்சு கேக்கல" என்றார் வெர்னா.

சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வந்தது. அது பிரேக் கருகிய நாற்றம் என்று யூட்டனுக்குத் தெரியும். நெற்றியில் ரத்தம் வழிய நின்ற சிஸ்லினிடம் திரும்பினார்.

"எந்த கியர்ல இறக்கின?"

"நியூட்ரல்ல, ஐயா. பெட்ரோல் மிச்சமாகும்னு சொன்னாங்க. பிரேக்க மிதிச்சுட்டே வந்தேன். பாதியில பிரேக் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு..."

"மழையில, இந்த இறக்கத்துல, நியூட்ரல்லயா? உனக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில்தான் சொன்னாள்.

"உங்களுக்குக் குடுத்த அதே ஆளுதான், பினக் ஐயா. ஹோப்டன் அண்ணன்தான் வாங்கிக் குடுத்தாரு. டெஸ்ட்டெல்லாம் வேணாம்னாரு."

யூட்டன் திரும்பி, வெர்னாவைத் தூக்கக் குனிந்தார்.

வெர்னாவுக்குக் காறையெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர், பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த கணவர் பக்கம் திரும்பினார்.

"அவளத் திட்டாத, யூட்டன். அவ குடுத்த காசும் நாம குடுத்த காசும் ஒரே பைக்குள்ளதான் விழுந்துச்சு. குடுன்னு சொன்னது நான்."

"குடுத்தது நான்" என்றார் யூட்டன்.

விஷயம் கேள்விப்பட்டு ஹோப்டன் ஓடிவந்தான். "அண்ணே, போயி உளறிடாத. உனக்கு மாசாமாசம் இங்கிலாந்துல இருந்து பென்ஷன் வரும். எனக்கு இந்த ஓட்டமும் ஆட்டமும்தான் சோறு. நீ பறிக்கறது உன் குடும்பத்துக்கே குழி."

"இன்னைக்கு நான் வெட்டின குழிலயே உங்க அண்ணிய எறக்கியிருப்போம், ஹோப்டன். கொஞ்சத்துல தப்பிச்சுது."

திங்கட்கிழமை காலை யூட்டன் சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஷேர் டாக்ஸியில் நசுங்கி, டவுனுக்குப் போனார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் லைசென்ஸை பிரிசெட்டின் மேஜைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"நீங்க குடுத்தது. இதக் குடுக்கறப்ப நான் ஓட்டி நீங்க பாக்கல. எனக்கு வேணாம். மறுபடியும் முறையா டெஸ்ட் வைங்க."

பிரிசெட் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, உள்ள வாங்க. பேசிக்கலாம்."

"இப்படி உள்ள உள்ள பேசித்தான் என் பெஞ்சாதி தோள் ஒடஞ்சுது. இங்கயே பேசுவோம்."

ஜன்னல் பக்கம் தலைகள் கூடின. சத்தம் கேட்டு மேலதிகாரி கான்ட்லெட் அம்மாள் அறையிலிருந்து வெளியே வந்தார். யூட்டன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மிஸ்டர் பினக், இதச் சொன்னதால நீங்களும் குத்தவாளி ஆகறீங்க. தெரியுதா?"

"தெரியும்மா. கோர்ட்டுக்கு எப்ப வரணும்னு சொல்லுங்க."

பிரிசெட்டை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை வைத்தார்கள். யூட்டன் மீதும் வழக்கு நடந்தது. தானாக வந்து ஒப்புக்கொண்டதால் சிறை இல்லை, அபராதத்தோடு விட்டார்கள். ஊர் அவ்வளவு எளிதில் விடவில்லை. ரம் கடையில் டாமினோ ஆட உட்கார்ந்தால், எதிரே இருந்தவர்கள் காய்களைக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோனார்கள். ஹோப்டன் தெருவில் பார்த்தும் பார்க்காததுபோல் போனான். ஒரு காலை, வீட்டுச் சுவரில் 'காட்டிக்கொடுத்தவன்' என்று யாரோ கரியால் கிறுக்கியிருந்தார்கள்.

வெர்னா ஒரு கையைக் கட்டுத்துணியில் தொங்கவிட்டபடி வந்து அதைப் படித்தார். "எழுத்துப்பிழை இருக்கு. திருத்திட்டு அப்புறமா அழி" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு யூட்டன் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் கதவைத் தட்டியது சிஸ்லின். நெற்றிக் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"ஐயா, என் லைசென்ஸையும் குடுத்துட்டு வந்துட்டேன். தெரியாத்தனமா செஞ்சேன்னு கான்ட்லெட் அம்மா எச்சரிச்சு விட்டாங்க. சந்தைல மறுபடியும் கிழங்குதான் விக்கறேன். வர்ற மாசம் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கும் அன்னைக்குத்தானாமே?"

"அன்னைக்குத்தான். சேர்ந்தே போவோம்" என்றார் யூட்டன்.

டெஸ்ட் நாளன்று கான்ட்லெட் அம்மாளே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வானத்தைப் பார்க்கவில்லை. யூட்டனின் கையையும் காலையும் கண்ணையும் பார்த்தார். சந்துக்குள் வண்டியைத் திருப்பச் சொன்னார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். நீளமான இறக்கத்தில் இறக்கச் சொன்னார். யூட்டன் கியரைக் குறைத்து, பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறவர் மாதிரி நிதானமாக இறக்கினார்.

"இவ்வளவு நல்லா ஓட்டற மனுஷன் எதுக்கு சார் காசு குடுத்தீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள். பதிலுக்குக் காத்திராமல் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சிஸ்லினின் முறை வந்தது. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் வழுக்கிவிட்டது. ஃபெயில். வெளியே வந்தவளின் முகத்தைப் பார்க்க யூட்டனுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, ஃபெயில்! ஏன்னு கேட்டேன். மேட்டுல எப்படி எடுக்கணும்னு அந்தம்மாவே இறங்கி நின்னு காட்டினாங்க. இப்பத்தான் எனக்கு எது தெரியலைன்னே தெரிஞ்சுது. அடுத்த மாசம் பாஸ் பண்ணிடுவேன் பாருங்க. என் பிள்ளைங்கள உக்கார வெச்சுத் தைரியமா ஓட்டுவேன்."

வாதாமரத்தடியில் அன்றும் கூட்டம். ஒருத்தன் எழுந்து வந்தான்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, ஐயா. கைல கெடச்ச லைசென்ஸக் குடுத்து, அபராதமும் கட்டி, சொந்தக்காரன் பகையும் தேடிக்கிட்டீங்க. இவளுக்கு லைசென்ஸ்கூட இல்ல, ஃபெயில். இதுல உங்களுக்கு என்ன லாபம்? இங்கிலாந்துல இருந்துட்டு வந்தவங்க, எங்க ஊர் வழக்கம் உங்களுக்கு எதுக்கு?"

மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஓர் அம்மாள் உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த நோட்டை மெல்ல ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு, யூட்டன் என்ன சொல்லப்போகிறார் என்று கழுத்தை நீட்டினார்.

"தம்பி, விருந்தாளிதான் காசக் குடுத்துக் காரியத்த முடிச்சுட்டுப் போவான்" என்றார் யூட்டன். "ரெண்டு வாரத்துல பிளேன் ஏறிடுவான். அவன் குடுத்த காசு இங்க என்ன செஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியாது. நான் அப்படிப் போறவன் இல்ல. இந்த ரோட்டுலதான் என் பெஞ்சாதி போறா, உன் பிள்ள போகுது. நான் செத்தாலும் இதே இறக்கத்துலதான் தூக்கிட்டுப் போவாங்க. லஞ்சம் குடுத்து நான் ஒரு கதவத் தொறந்தா, அதே கதவு வழியாத்தான் ஓட்டத் தெரியாதவனும் ரோட்டுக்கு வர்றான். அவன் யார் மேல ஏத்துவான்னு யாருக்கும் தெரியாது. வாங்கறவனுக்குச் சமமா குடுக்கறவனும் குத்தவாளிதான். கப்பல்ல சாமான் வந்து எறங்கின அன்னைக்கு நான் ஊர் திரும்பல, தம்பி. தப்ப ஒத்துக்கிட்டு அந்த மேஜை மேல லைசென்ஸ வெச்சேன் பாரு, அன்னைக்குத்தான் திரும்பி வந்தேன்."