பாறைமுனைச் செடி

சுமியே தகர டப்பாவை ஆராய்ச்சி நிலையத்து மேசைமேல் வைத்தாள். எழுபத்தாறு வயதிலும் கொடி கிள்ளுகிற கை அவளுடையது. எதிரே ஸ்டான்லி ட்ரெவான் உட்கார்ந்திருந்தான். வாட்சன்வில் தபால் நிலையத்தில் எத்தனையோ முறை ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள். அறுபத்திரண்டு வருஷமாக அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

டப்பாவில் இருந்தது ஸ்ட்ராபெரிச் செடி. 1942 மே மாதம், பழம் சிவந்து நிற்கிற வேளையில், ஜப்பானோடு போர் என்பதால் ஜப்பானியர் எல்லோரும் கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவளுடைய அப்பா கென்சாபுரோ மொரிவாகி தான் உருவாக்கிய செடியின் ஒரு கொடியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனார். அதன் வம்சம் இது. ஜப்பானிலிருந்து வந்தவர்கள் நிலம் வாங்கச் சட்டம் விடவில்லை. ட்ரெவான்களின் வயலில்தான் அப்பா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்தார். மூன்று வருஷம் கழித்து அரிசோனா தடுப்பு முகாமிலிருந்து திரும்பியபோது அதே செடி ‘ட்ரெவான் ராணி’ என்ற பெயரில், காப்புரிமையோடு, பள்ளத்தாக்கு முழுவதும் காய்த்துக்கொண்டிருந்தது. அப்பா வழக்குக்குப் போகவில்லை. கொல்லையில் தன் கொடியிலிருந்து நாலு செடி வைத்தார், அவ்வளவுதான். திருட்டுச் செடி என்று ஸ்டான்லியின் தகப்பன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். அந்தக் கடிதம் வீட்டுப் புத்தர் மாடத்தின் அடியில் இத்தனை வருஷம் கிடந்தது.

இந்த மரபணுச் சோதனையைக் கேட்டு வாங்கியவனே ஸ்டான்லிதான். செடி மொரிவாகியுடையது என்ற ஊர் முணுமுணுப்பை ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் அவனுக்கு.

“ரெண்டும் ஒரே செடிதான்,” என்றாள் ஆராய்ச்சியாளர் லாரல் ஹகோபியன். “மரபணுவுல வித்தியாசமே இல்ல.”

“அதத்தானே எங்கப்பாவும் சொன்னார்? எங்க வயல்லேருந்து போன செடி,” என்றான் ஸ்டான்லி.

சுமியே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இருங்க,” என்றாள் லாரல். “வயல் செடியும் காட்டுச் செடியும் கலந்து பொறந்தது இது. அந்தக் காட்டுச் செடி எங்க கிடைச்சதுன்னு உங்கப்பா சொன்னார்?”

“எங்க வயலுக்கு எதிர்ல இருக்கிற மணல்மேட்டுல. காப்புரிமைத் தாள்லயே இருக்கு.”

“அந்த மேட்டுச் செடி எதுவும் ஒத்துப்போகல. கடற்கரை நெடுக நாப்பது எடத்துல காட்டுச் செடி எடுத்து ஒப்பிட்டோம். இதுல பாதி, தெற்கே பாறைமுனைச் செடியோட அப்படியே பொருந்துது. வேற எங்கயும் பொருந்தல.”

பாறைமுனையில் அந்தக் காலத்தில் இருந்தவை, சிப்பிக்காக மூழ்கும் ஜப்பானியரின் குடிசைகள் மட்டும். வயலுக்கு வருமுன் அப்பா ஒன்பது வருஷம் அங்கே மூழ்கியவர். அது ஸ்டான்லிக்கும் தெரியும். அவன் முகம் வெளுத்தது.

“சரி. ரெண்டு பேரும் சேந்து உருவாக்கினதுன்னு போட்ருவோம். நம்ம அப்பாங்க சிநேகிதம்தானே, சுமி.”

“சிநேகிதனுக்கா வக்கீல் நோட்டீஸ் விடுவாங்க?” அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தாள். “படி. திருடன்கிற பட்டம் இதுல ஒருத்தருக்குத்தான் குடுத்திருக்கு. அதையும் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கலாமா?”

“மேடம், அறிக்கையில நானே...” என்று தொடங்கினாள் லாரல்.

“நீ உன் வேலைய ஒழுங்காச் செஞ்சுட்டம்மா. இனிமே இது எங்க ரெண்டு வீட்டு விஷயம்.” செடி ரகங்களின் பதிவேட்டுத் திருத்தப் படிவத்தை அவள் ஸ்டான்லியின் முன்னால் தள்ளினாள். “உருவாக்கினவர் பேரு. உன் கையால எழுது.”

அவன் பேனாவைத் திறந்தான். அது தாளுக்கு மேலேயே நின்றது.

“ஜோவோட... முழுப்பேரு என்ன, சுமி?”

பதினோரு வருஷம். அவர்கள் வயலில் பதினோரு வருஷம் குனிந்த முதுகு. அவர்கள் அப்பாவை ஜோ என்றுதான் கூப்பிட்டார்கள்; நோட்டீஸிலும் ஜோ மொரிவாகிதான். பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போய்த் தேடு. உங்கப்பா எங்கயாவது எழுதி வெச்சிருக்காரான்னு பாரு. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்.”

ஸ்டான்லி எழுந்திருக்கவுமில்லை, எழுதவுமில்லை. டப்பாவிலிருந்து நீண்டு தொங்கிய கொடியின் நுனியில் இரண்டு இலை விட்ட குட்டிச் செடி ஒன்று, வெளுத்த வேரை வக்கீல் கடிதத்தின்மேல் வைத்து, மண் தேடிக் கிடந்தது.