பார்த்தே வந்த வலி

எங்கள் தலைமை ஆசிரியர் முட்யாபா அந்தத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் வலியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். தலைநகர் கம்பாலாவிலிருந்து பிசியோதெரபிக்காரர்கள் வருகிறார்கள். கம்ப்யூட்டரில் வேலை செய்யும் மாணவர்களின் கழுத்தும் முதுகும் என்ன கதி ஆகின்றன என்று ஆராயப் போகிறார்கள். மலைமேல் இருக்கும் பள்ளிக்குப் போன வாரமே போய்விட்டார்கள். அங்கே நூற்றுக்கு நாற்பத்தொரு பேருக்கு வலியாம். இதைச் சொல்லும்போது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வராதவர் போல இருந்தது அவர் முகம்.

"நம்மகிட்டயும் கம்ப்யூட்டர் இருக்கு, பதினெட்டு இருக்கு," என்றார். "வலி இருந்தா மறைக்காதீங்க. இது மசாக்கா ஊரோட மானம்."

பதினெட்டில் உயிரோடு இருந்தவை பதினொன்று. சீனியர் த்ரீ வகுப்பில் நாங்கள் நாற்பத்து நான்கு பேர். மெஷினுக்கு நான்கு பேர் என்று கணக்காகப் பிரித்திருந்தார்கள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த சாக்ஸைச் சுருட்டி மறைத்துக்கொண்டு உள்ளே போவோம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடிப்பார். மற்ற மூவரும் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் கல்வி கற்பார்கள்.

ஏழாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தவள் நந்தாலே. முதல் வகுப்பில் "யார் யாருக்கு இதெல்லாம் முன்னாடியே பழக்கம்?" என்று கம்ப்யூட்டர் சார் கேட்டபோது அவள் கை என் கையைவிட அரை நொடி முன்னால் உயர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவள் அத்தைக்கு டைப்பிங் கடை இருந்தது. அங்கே அவள் செய்த வேலை தரை பெருக்குவதுதான். ஆனாலும் நாற்காலி அவளுக்குப் போயிற்று. எனக்கு இடது பின்பக்கம் கிடைத்தது. அங்கிருந்து திரை தெரிய வேண்டுமானால் கழுத்தை வலப்பக்கம் ஒடித்து, மோவாயை நீட்டி, அவள் காதோரமாகப் பார்க்க வேண்டும். இரண்டு டெர்ம் முழுவதும் நான் கண்ணாரக் கற்றது நந்தாலேயின் பின்னந்தலை ஒன்றைத்தான்.

அந்த நாற்காலியை நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. கணக்குப் பாடத்தில் அவள் என்னைவிடக் கூடுதலாக வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நந்தாலே கழுத்தில் பட்டையோடு வந்தாள். அவள் சித்தப்பா போடா போடா என்னும் வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது வாங்கிய வெள்ளைப் பஞ்சுப் பட்டை அது. அவர் எருமைக் கழுத்துக்காரர். இவள் மோவாய் முழுவதும் அதற்குள் புதைந்து, கிணற்றிலிருந்து எட்டிப் பார்ப்பவள் போல இருந்தாள்.

"என்னடி இது?" என்றேன்.

"கம்ப்யூட்டர் வலி," என்றாள், மூக்கால். "உனக்கெல்லாம் வராது, நபுகேரா. தொடுறவங்களுக்குத்தான் வரும்."

அன்று முதல் அவளுக்கு மரியாதை கூடிற்று. நாங்கள் குனிந்து மைதானத்துப் புல்லை வெட்டும்போது அவள் மாமர நிழலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். எங்கள் தட்டில் போஷோ என்ற சோளக் களியும் பீன்ஸும் விழ, அவள் தட்டில் கூடுதலாக ஒரு முட்டை விழுந்தது. முட்யாபா சார் அவளைக் காலைக் கூட்டத்தில் முன்வரிசையில் நிறுத்தினார். கடைசியாக, தன் அறையிலிருந்த மெத்தை வைத்த நாற்காலியை ஏழாம் நம்பருக்கு அனுப்பிவைத்தார். படிப்பு முடியும் வரை அது நந்தாலேக்கே என்று கம்ப்யூட்டர் சார் அறிவித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், எனக்கு உண்மையாகவே கழுத்து வலித்தது. வலது காதுக்குக் கீழே பிடித்து, தோள்வரை இழுக்கும். தண்ணீர் ஜெரிக்கேன் தூக்குவதால் என்று நினைத்திருந்தேன். இப்போது அதை வெளியே சொன்னால் நந்தாலேயைப் பார்த்துக் காப்பியடிக்கிறேன் என்பார்கள்.

வியாழக்கிழமை கம்பாலாக்காரர்கள் வந்தார்கள். தலைவி அபாலோ, நாட்டின் வடக்குப் பக்கத்துப் பெண், ஒல்லியான உடம்பு, அவசரமில்லாத பேச்சு. எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். முதல் கேள்வி: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிறாய்? பூஜ்யம் என்றால் மற்றக் கேள்விகளை விட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம்.

என் பக்கத்தில் கிஸிட்டோ 'முப்பது' என்று எழுதினான். அவனும் ஏழாம் நம்பரில் நிற்பவன்தான். பள்ளி மானம் அவனை அப்படி எழுத வைத்தது. நானும் எழுதியிருப்பேன். ஆனால் முன்வரிசையில் நந்தாலே பட்டைக்கு மேலே கண்ணை உருட்டிக்கொண்டு 'நாற்பது' என்று எழுதுவது தெரிந்தது. நான் எழுதினேன்: பூஜ்யம். நான் தொட்டதே இல்லை. நந்தாலேதான் தொடுகிறாள். ஆனால் எனக்குத்தான் வலிக்கிறது.

அவளைக் காட்டிக் கொடுக்கத்தான் எழுதினேன். உண்மையாக இருந்தது தற்செயல்.

அபாலோ மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எங்கள் வகுப்பை லேபுக்கு அழைத்துப் போய், தினமும் எப்படியோ அப்படியே போய் இருக்கச் சொன்னார். பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். முப்பத்து மூன்று பேர் கொக்குக் கூட்டம்போலக் கழுத்தை நீட்டினோம். அவர் நடுவில் நின்று உட்கார்ந்தவர்களையும் நின்றவர்களையும் எண்ணினார். பிறகு ஒவ்வொருவர் கழுத்தையும் விரலால் அழுத்திப் பார்த்தார். என் வலது காதுக்குக் கீழே அழுத்தியதும் நான் துள்ளினேன். நந்தாலேயின் பட்டையை மெதுவாகக் கழற்றி, தலைகீழாகப் போட்டிருப்பதாகச் சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

மாலையில் முடிவு வந்தது. நின்றவர்களில் இருபத்தாறு பேருக்கு வலி. உட்கார்ந்தவர்களில் இரண்டு பேருக்கு. அதில் ஒருவன் பலாமரத்திலிருந்து விழுந்தவன்.

முட்யாபா சார் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "இருபத்தெட்டு. அப்போ நூத்துக்கு அறுபத்து மூணு. மலைமேல நாப்பத்தொண்ணுதானே?"

நின்றவர்கள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை, அதனால் அந்த ஆராய்ச்சிக் கணக்கில் சேர மாட்டார்கள், தொட்டவர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்குப் பதினெட்டுதான் என்று மேடம் விளக்கினார்.

சார் விடவில்லை. "மேடம், அங்க இருக்குற பிள்ளைங்களுக்குத் தொட்டாத்தான் வலி வருது. என் பிள்ளைங்க பார்த்தே வாங்கிட்டாங்க. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

பார்ப்பவர்களுக்குத் தாளில் கட்டம் இல்லை என்று மேடம் வருத்தத்தோடு சொன்னார். ஆனால் போகும்முன் ஓர் உத்தரவு எழுதிச் சாரிடம் கையெழுத்து வாங்கினார். இனி பத்து நிமிடத்துக்கு ஒருவராக எல்லோரும் மாறி மாறி உட்கார வேண்டும். அதிகம் வலித்தவர் முதலில்.

அடுத்த திங்கட்கிழமை ஏழாம் நம்பரில் முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். மெத்தை வைத்த நாற்காலியைச் சார் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருந்தார். பரவாயில்லை. மரநாற்காலி என்றாலும் அதே இடந்தான். மவுஸ் என் உள்ளங்கையில் இருந்தது. என் பெயரை அடிக்கத் தொடங்கினேன். நான்கு எழுத்து ஆயிற்று.

அப்போதுதான் பின்னால் நந்தாலே நிற்கிறாள் என்ற நினைப்பு வந்தது. என் பழைய இடத்தில், இடது பின்பக்கம். கழுத்து ஒடிந்திருக்குமா, மோவாய் நீண்டிருக்குமா என்று பார்க்க ஆசை. திரும்பினேன். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். கையைக் கட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல், என் தலைக்கு மேலாக நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நம்ப முடியவில்லை. மறுபடி திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் முறையும்.

"என்னையே பாக்காத, நபுகேரா," என்றாள். "ஸ்க்ரீன் முன்னாடி இருக்கு."

நான் நான்காம் முறை திரும்பினேன். அவளுக்கு எங்கேயாவது வலிக்க வேண்டும், ஒரு சுளுக்காவது பிடிக்க வேண்டும். அவள் கொட்டாவி விட்டாள். கம்ப்யூட்டர் சார் கைதட்டினார்.

"பத்து நிமிஷம் ஆச்சு. எழுந்திரு," என்றாள் நந்தாலே.

எழுந்தேன். கிஸிட்டோ உட்கார்ந்து, நான் அடித்திருந்த நான்கு எழுத்தையும் அழித்துவிட்டுத் தன் பெயரை முழுசாக அடித்தான். நான் பின்னால் நின்று, இப்போது இடப்பக்கமும் இழுக்கத் தொடங்கிய கழுத்தோடு, அதை ஒவ்வோர் எழுத்தாக எட்டிப் பார்த்தேன்.