டெல்லா வார்த்த குண்டு

டெல்லா ஆஸ்ட்பி வார்த்த ஈயக் குண்டுகள் சுட்ட அன்றைக்கே போய்ச் சேர்ந்ததில்லை. சில மறுநாள் சேரும், சில பனி உருகிய பிறகு சேரும். ஆனால் சேராமல் போனதில்லை. பிர்ச் ஓடைக்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் மோண்டானாவின் அந்த மூலைக்குத் தபாலும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. புருஷன் செத்த பிறகு டெல்லா கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, பழைய லாரிச் சக்கரங்களில் சமநிலைக்காகப் பொருத்தியிருந்த ஈயத் துண்டுகளைக் கழற்றி, இரும்புச் சட்டியில் உருக்கி, மெழுகுவர்த்தித் துணுக்கைப் போட்டுக் கிளறி, மிதக்கும் கசடை வழித்துவிட்டு அச்சில் ஊற்றுவாள். கைப்பிடி லீவரை இழுத்துத் தள்ளிச் சுடுகிற அவளுடைய துப்பாக்கியில், சுடும் குழலுக்கு அடியில் உள்ள குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைக் குத்தி வெடிக்கவைத்துவிடக் கூடாது என்று குண்டின் மூக்கைத் தட்டையாக வார்ப்பாள். தேன்மெழுகும் கொழுப்பும் பூசி, வெடிமருந்தை நிறுத்துப் போட்ட பித்தளைக் கூடுகளில் அழுத்திப் பொருத்துவாள். எல்லாம் மற்றவர்கள் செய்கிற மாதிரியேதான். ஆனால் அவள் சுட்ட மான் தலையைக்கூடத் தூக்காமல் மேய்ந்துவிட்டு மலை தாண்டிப் போகும். அடுத்த வாரம் யாருடைய வேலிக்குள்ளோ பொத்தென்று விழும். வேலிக்காரர் ஒரு தொடையை எடுத்துக்கொண்டு அவளுக்குச் சொல்லி அனுப்புவார்.

மழை பொய்த்த ஒரு கோடையில் மேல்பண்ணைக்காரன் ராய் கிட்டில்சன் மதகை அடைத்து, ஓடைத் தண்ணீர் முழுவதையும் தன் புல்வெளிக்குத் திருப்பிவிட்டான். டெல்லாவின் கன்றுகள் ஈர மண்ணை நக்கின. கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியோடு போய், மதகின் மேல் நின்றிருந்தவனின் நெஞ்சுக்குக் குறிவைத்துச் சுட்டாள்.

"குறி தப்பிருச்சு டெல்லா! கண்ணாடிய மாத்து!" என்று ராய் சிரித்தான்.

"தப்பல ராய். கெளம்பிருச்சு."

அப்படி விழுந்த மானின் தொடையைப் பலமுறை தின்றவன் அவன். சிரிப்பு நின்றது. அப்போதே மதகைத் திறந்துவிட்டான். தண்ணீர் தன் வயலுக்கு வந்து சேரும் முன்பே டெல்லாவின் கோபம் வடிந்துவிட்டது, ஆனால் போன குண்டைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை. ஷெரிஃப் வந்து ராயின் சட்டையை விலக்கிப் பார்த்தார். "காயமே இல்லாம நான் என்னன்னு வழக்கு எழுதறது?" என்று போய்விட்டார்.

ராயால் அதற்குப் பிறகு ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. சமையலறையில் உட்கார்ந்தால் தொழுவம்தான் பத்திரம் என்று தோன்றும். தொழுவத்துக்குப் போனால் சமையலறை. சமையலறையிலிருந்து தோசைக்கல் மாதிரி ஒரு இரும்புத் தட்டை எடுத்துக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு திரிந்தான். பஸ் ஏறிக் கடலோரச் சியாட்டில் வரைக்கும் போய், கடலும் குண்டை நிறுத்தாது என்று தோன்றித் திரும்பி வந்தான். டெல்லாவுக்கும் நிலைகொள்ளவில்லை. மிச்சமிருந்த குண்டுகளை உருக்கினாள், மறுபடி வார்த்தாள், மறுபடி உருக்கினாள். கடைசியில் படுக்கையைச் சுருட்டி, துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

"நாற்காலிய அந்தப் பக்கம் நகத்து. நான் உனக்கு எதிர்ல உக்காரணும்."

"எதுக்கு?"

"நெஞ்சுக்குத்தான வெச்சேன்? முன்னாலதான் வரும். மொதல்ல என் மேல பட்டுட்டு வரட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"இல்லாமலா சுட்டேன்? நகத்துய்யா!"

அப்படியே வருஷங்கள் போயின. சாப்பாட்டு மேசையில் எதிரே, மாதா கோவிலில் முன்பெஞ்சில், மாடு ஓட்டும்போது முன்குதிரையில் அவள் இருந்தாள். பீன்ஸில் உப்பு போதாதென்று சண்டை, ரேடியோவைச் சத்தமாக வைத்ததற்குச் சண்டை. கல்யாணம் செய்துகொள்ளுங்களேன் என்று பாதிரியார் ஒருமுறை சொன்னதற்கு, அதற்கெல்லாம் உட்கார்ந்து பேச நேரமில்லை என்றான் ராய். இரும்புத் தட்டு எப்போது சமையலறைக்குத் திரும்பியது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஒரு வசந்தத்தில், நடுப்பகலில், இருவரும் வேலிக்கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மேட்டுக்கு அப்பால் தேனீ இரைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சுட்டுச் சுட்டுக் காது மந்தமாகிவிட்ட டெல்லாவுக்கு அது கேட்கவில்லை. அத்தனை வருஷமாக அதற்குப் பயந்து ஓடிய ராய், அவள் தோளைப் பிடித்துச் சேற்றில் தள்ளிவிட்டு, அவள் நின்ற இடத்தில் நின்றான். குண்டு அவன் நெஞ்சில் இறங்கியது. வெகுதூரம் வந்த களைப்பில் விலா எலும்போடு நின்றுவிட்டது. எடுப்பதைவிட விட்டுவைப்பதே நல்லது என்று டாக்டர் தையல் போட்டார்.

டெல்லா அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், கட்டு மாற்றினாள், ஏன் தள்ளினாய் என்று நாள்முழுக்கத் திட்டினாள். அவன் எழுந்து நடமாடத் தொடங்கிய காலையில் படுக்கையைச் சுருட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"அதான் வந்துருச்சே. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?"

ராய் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். பிறகு ஆணியில் தொங்கிய டெல்லாவின் துப்பாக்கியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முற்றத்தில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வெயிலில் நின்றான்.

"இன்னொண்ணு சுடு."

"தையலே பிரிக்கல கிழவா!"

"அது வர்றதுக்குள்ள ஆறிடும். நெஞ்சுக்கே வை."

டெல்லா அவனையும் அவன் பரம்பரையையும் வாய் ஓயும்வரை திட்டினாள். பிறகு லீவரை இழுத்துத் தள்ளி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டாள். காக்கைகள் எழுந்து அடங்கின. புகை கலையும்வரை ராய் அசையாமல் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தான். அவள் படுக்கையை விரித்துப் போட்டுவிட்டு, பீன்ஸைச் சூடாக்கி, அவனுக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்றைக்கு உப்பு சரியாக இருந்தது என்றான் ராய்.